ஒற்றைக் கிட்டார் பாட்டுக்குப் பாப் மெருகு ஏற்றுவது எப்படி: வில்கோவின் 'சம்மர்டீத்' பாணியில் வீட்டு ஒலிப்பதிவு

1999 மார்ச் 9 அன்று ரிப்ரைஸ் நிறுவனம் வெளியிட்ட 'சம்மர்டீத்', அமெரிக்க ராக் குழுவான வில்கோவின் மூன்றாவது ஆல்பம். இலினாய் மாநிலத்துப் பெல்வில்லில் உருவான அங்கிள் டூபெலோ என்ற குழு 1994இல் உடைந்தது. அதில் எஞ்சியவர்களோடு ஜெஃப் ட்வீடி தொடங்கிய குழுதான் வில்கோ. முதல் ஆல்பமான 'ஏ.எம்.' (1995) நேரடியான ஆல்ட்-கன்ட்ரி (கன்ட்ரியும் ராக்கும் கலந்த பாணி). இரட்டை ஆல்பமான 'பீயிங் தேர்' (1996) அந்தப் பாதையிலிருந்து விலகத் தொடங்கியது. 'சம்மர்டீத்'தில் மெலோட்ரான் (காந்த நாடாவில் பதிந்த ஒலிகளை வாசிக்கும் கீபோர்டு), சின்தசைசர், மணியோசை, அடுக்கடுக்கான பின்னணிக் குரல்கள் எல்லாம் முன்னால் வந்து நின்றன. அடிப்படைப் பதிவுகளில் ஒரு பகுதி டெக்ஸஸின் ஸ்பைஸ்வுட்டில் உள்ள வில்லி நெல்சனின் பெடர்னாலிஸ் ஸ்டுடியோவில் நடந்தது; மீதி வேலை சிகாகோவில். ட்வீடியும் குழுவின் இன்னொரு இசைக்கலைஞர் ஜே பென்னட்டும் கணினியில் டிராக் மேல் டிராக்காக ஓவர்டப் (பதிந்ததன்மேல் புதிதாக வாசித்துச் சேர்ப்பது) ஏற்றியே இந்த ஒலியைக் கட்டினார்கள்.

கன்ட்ரியைக் கைவிட்டுப் பாப்புக்குப் போன ஆல்பம் என்று இதைச் சொல்வது பாதிதான் சரி. மேலே இருக்கும் அத்தனையையும் உரித்து எடுத்தாலும் ஒரு அக்கூஸ்டிக் கிட்டாரும் ஒரு குரலும் பாட்டைத் தாங்கி நிற்கும். சுவர் இருந்தால்தான் சித்திரம். இந்தப் பாணியில் பதிவு செய்ய முயல்பவர்கள் சறுக்குவதும் இங்கேதான்: மெலோட்ரான் மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு பாட்டை எழுத உட்காருகிறார்கள். கீழே உள்ள வரிசை அதற்கு நேர் எதிரானது.

தேவையானவை

இரண்டு உள்ளீடு கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு பெரிய டயஃப்ரம் கண்டென்சர் மைக், ஷுர் எஸ்எம்57 போன்ற ஒரு டைனமிக் மைக், மூடிய வகை ஹெட்ஃபோன், ஒரு அக்கூஸ்டிக் கிட்டார், ஒரு எலெக்ட்ரிக் கிட்டார், பேஸ் கிட்டார், 49 கட்டை மிடி கீபோர்டு, கையால் அடிக்கும் ஒரு டாம்பரின். மென்பொருளுக்கு ரீப்பர் போதும். ப்ராஜெக்டை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் அமையுங்கள். பதிவின்போது பஃபர் (கணினி ஒலியைத் தாங்கிவைக்கும் அளவு) 128 சாம்பிள், மிக்ஸின்போது 1024. பஃபரை மாற்ற மறந்தால் பாடும்போது குரல் தாமதமாகக் காதில் விழும். தாளம் தானாகப் பின்தங்கும்.

மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதியுங்கள். ஒரு டிராக்கில் விசிறி இரைச்சல் தெரியாது. முப்பது டிராக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும்போது அது அருவிபோல் கொட்டும். அடுக்கு ஒலிப்பதிவில் சின்னக் குறைகள் எல்லாம் பெருகித்தான் வரும்.

முதலில் பாட்டு

கைபேசியில், ஒரே கிட்டார், ஒரே குரல், ஒரே டேக். இந்தப் பதிவைக் கேட்கும்போது இரண்டாவது சரணத்தில் சலிப்புத் தட்டினால் பாட்டைத் திருத்துங்கள். வாத்தியம் சேர்த்து அந்தச் சலிப்பை மூட முடியாது.

கன்ட்ரியின் அடிப்படைக் கார்டுகள் போதும்: ஜி சுருதியில் ஜி, சி, டி, ஈ மைனர். பாப் வாசனை வருவதற்கு அதில் ஓர் அந்நியக் கார்டைச் சேர்க்க வேண்டும். மூன்று நல்ல தேர்வுகள் உண்டு. முதலாவது, சி மேஜருக்குப் பின் சி மைனர், பிறகு ஜி. உள்ளே ஈ, ஈ ஃபிளாட், டி என்று ஒரு சுரம் அரை அரையாக இறங்குவதால்தான் அந்த ஏக்கம் வருகிறது. பின்னால் மெலோட்ரானுக்கு இந்த இறங்குவரிசையையே கொடுக்கலாம். இரண்டாவது, ஏ மைனர் வர வேண்டிய இடத்தில் ஏ மேஜர். பாட்டு திடீரென்று ஒரு படி ஏறி நிற்கும். மூன்றாவது, எஃப் மேஜர்; ராக் வாசனை அதிகம். ஒரு பாட்டுக்கு இவற்றில் ஒன்று போதும். மூன்றையும் போட்டால் காது எதையும் எதிர்பார்க்காது, எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் வியப்பும் இல்லை.

சரணத்தின் மெட்டை நாலைந்து சுரங்களுக்குள் அடக்குங்கள். பல்லவியின் உச்சச் சுரம் சரணத்தின் உச்சத்தைவிடக் குறைந்தது மூன்று சுரம் மேலே இருக்க வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 125 அடி. நீளம் மூன்றரை நிமிடத்துக்குள்.

வரிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த ஆல்பத்தின் உயிர் அங்கே இருக்கிறது. இசை வெயில்போலப் பளிச்சென்று இருக்கும், சொற்கள் இருட்டு. 'வயா சிகாகோ' ஒரு கொலைக் கனவோடு தொடங்குகிறது. 'ஷீஸ் எ ஜார்' பாட்டில் முன்பு கேட்ட வரி கடைசியில் ஒரே ஒரு சொல் மாறித் திரும்பி வருகிறது. அந்த ஒரு சொல்லில் மென்மையான காதல் பாட்டு வன்முறையைப் பற்றிய பாட்டாகிவிடுகிறது. இனிப்புப் பூச்சு அங்கே அலங்காரம் அல்ல, சொல்பவன் ஒளிந்துகொள்ளும் திரை. உங்கள் வரிகளும் இசையும் ஒரே உணர்ச்சியைச் சொன்னால் இந்தப் பாணியின் வாத்தியங்கள் வெறும் சர்க்கரையாகத் திகட்டும். மகிழ்ச்சியான பாட்டுக்கு இவ்வளவு அடுக்கு தேவைப்படாது.

டிரம்ஸும் பேஸும்

டிரம் செட் கிடைத்தால் மூன்று மைக் போதும். ஒன்று ஸ்நேருக்கு (கிர்ரென்று ஒலிக்கும் சிறு டிரம்) நேர் மேலே ஏறக்குறைய 100 செ.மீ. உயரத்தில். இன்னொன்று தரை டாமின் பக்கவாட்டில், ஸ்நேரின் நடுவிலிருந்து அதே 100 செ.மீ. தூரத்தில், ஒரு கயிற்றால் இரண்டையும் அளந்து வையுங்கள். மூன்றாவது கிக்கின் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) முன். முதல் இரண்டும் சமதூரத்தில் இல்லாவிட்டால் ஸ்நேர் இரண்டு மைக்கையும் வேறு வேறு நேரத்தில் அடைந்து, அதன் சதை காணாமல் போகும். மூன்று மைக் என்பதால் இன்டர்ஃபேஸில் நான்கு உள்ளீடு வேண்டியிருக்கும். அன்றைக்கு மட்டும் இரவல் வாங்குங்கள்.

டிரம் செட் இல்லையென்றால் மென்பொருள் டிரம்ஸைக் கையால் கட்டையில் அடித்துப் பதியுங்கள். குவான்டைஸ் (அடிகளைத் தாளத்துக்கு நேராக நகர்த்தும் வசதி) 60 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம். ஸ்நேரை மட்டும் 5 முதல் 10 மில்லிசெகண்ட் பின்னால் நகர்த்தினால் பாட்டு சாவகாசமாக நடக்கும். டாம்பரினை ஒருபோதும் மென்பொருளில் போடாதீர்கள். பல்லவிக்கு மட்டும், மைக்கிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று, ஒவ்வொரு முறையும் கையால் அடியுங்கள். ஒரே சத்தம் திரும்பத் திரும்ப ஒலிப்பதை மற்ற வாத்தியத்தில் காது மன்னிக்கும், டாம்பரினில் மன்னிக்காது.

பேஸ் கிட்டாரில் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தந்திகளுக்கு அடியில் ஒரு சின்ன ஸ்பாஞ்சுத் துண்டைச் செருகி, பிக் கொண்டு வாசியுங்கள். நேரடியாக இன்டர்ஃபேஸில் சொருகலாம். கன்ட்ரியில் பேஸ் ஒன்று-ஐந்து என்று மாறி மாறி நடக்கும்; சரணத்தில் அப்படியே விடுங்கள். பல்லவியில் அது பாட வேண்டும்: கார்டு மாறும் முன் இரண்டு சுரம் ஏறியோ இறங்கியோ வழி காட்டட்டும். ஸ்பாஞ்சு இருப்பதால் சுரம் சீக்கிரம் மங்கி, மேலே வரப்போகும் கீபோர்டுகளுக்கு இடம் கிடைக்கும்.

கிட்டார்கள்

அக்கூஸ்டிக் கிட்டாருக்குக் கண்டென்சர் மைக்கை 12ஆம் ஃபிரெட்டுக்கு எதிரே 25 செ.மீ. தூரத்தில் வைத்து, கழுத்தும் உடலும் சேரும் இடத்தைப் பார்க்கும்படி சற்றுத் திருப்புங்கள். ஓட்டையை நேராகப் பார்த்தால் அடித்தொண்டை உறுமல் மட்டும் வரும். அளவுமானி உச்சத்தில் −12 டெசிபலைத் தொட்டால் போதும்.

இரண்டாவது அக்கூஸ்டிக் டிராக்குக்கு நாஷ்வில் டியூனிங். மெலிந்த முதல் இரண்டு தந்திகளும் வழக்கமான சுருதியில் இருக்கும். மற்ற நான்கும் ஒரு ஸ்தாயி மேலே. 12 தந்திக் கிட்டார் செட்டிலிருந்து துணைத் தந்திகளை எடுத்துக்கொள்ளலாம், தனிச் செட்டாகவும் கிடைக்கும். முதல் தந்தியிலிருந்து ஆறாவது வரை அளவுகள்: 0.010, 0.014, 0.009, 0.012, 0.018, 0.027 அங்குலம். மூன்றாவது தந்திதான் ஆபத்து. 0.009 அங்குலத் தந்தியை மேல் ஜி வரை இழுக்கிறோம், அவசரப்பட்டால் அறுந்து முகத்தில் அடிக்கும். கால் சுற்றுகளாகத் திருகுங்கள், முகத்தைத் தள்ளி வையுங்கள். நட்டில் உள்ள பள்ளம் தடித்த தந்திக்கு வெட்டியது என்பதால் மெல்லிய தந்தி அதில் ஆடிக் கரகரக்கலாம். தந்திக்கடியில் ஒரு சின்னக் காகிதத் துணுக்கு வைத்தால் அடங்கும்.

சாதாரணக் கிட்டார் இடது பக்கம், நாஷ்வில் கிட்டார் வலது பக்கம், இரண்டும் 60 விழுக்காடு. இரண்டும் ஒரே தட்டலை வாசிக்க வேண்டும். கேட்பவருக்கு ஒரு பெரிய 12 தந்திக் கிட்டார் அறை முழுக்க விரிந்திருப்பதுபோல் தோன்றும். நாஷ்வில் தந்தி போட வசதியில்லையென்றால் ஐந்தாவது ஃபிரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு டி வடிவத்தில் பிடியுங்கள். ஒலிப்பது ஜிதான், ஆனால் சுரங்களின் அடுக்கு வேறு.

எலெக்ட்ரிக் கிட்டார் மிகக் குறைவாக. டெலிகாஸ்டர் வகையில் பிரிட்ஜ் பிக்கப், மெல்லிய உடைசல் (டிஸ்டார்ஷன்). குரல் ஒரு வரியை முடித்து மூச்சு விடும் இடத்தில் மட்டும் இரண்டு மூன்று சுரம். லாப் ஸ்டீல் (மடியில் வைத்து, தந்திமேல் உலோகத் துண்டை நகர்த்தி வாசிக்கும் கிட்டார்) வாசிக்கத் தெரிந்தவர் கிடைத்தால் பாட்டில் ஒரே ஒரு இடத்தை அவருக்குக் கொடுங்கள். பாட்டு எங்கிருந்து வந்தது என்பதை அந்த ஒரு சறுக்கல் சொல்லிவிடும்.

மெலோட்ரான்

இங்கே நிதானமாக வேலை செய்யுங்கள். மெலோட்ரான் 1963இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்த வாத்தியம். பரவலாகப் பயன்பட்ட எம்400 மாடலில் 35 கட்டைகள். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு காந்த நாடாத் துண்டு. கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், விட்டால் ஸ்பிரிங் அதைத் திருப்பி இழுக்கும். நாடாவின் நீளம் ஏறக்குறைய 8 வினாடி. அதற்குமேல் சுரம் நிற்காது.

இன்று மென்பொருளில் கிடைக்கும் பல மெலோட்ரான்கள் சுரத்தை முடிவில்லாமல் நீட்டும். அதில்தான் உயிர் போகிறது. நிமிடத்துக்கு 110 அடி வேகத்தில் ஒரு பார் 2.18 வினாடி, 8 வினாடிக்குள் மூன்று பார் அடங்கும், நான்கு அடங்காது. எனவே எந்தச் சுரத்தையும் மூன்று பாருக்குமேல் பிடிக்காதீர்கள். கையை எடுத்து மறுபடி வையுங்கள். அந்த எடுத்து வைக்கும் இடைவெளி மூச்சுபோல் கேட்கும். நாடாவின் சிறு ஆட்டத்துக்கு 3 முதல் 5 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) வரை சுருதி அலைவு சேருங்கள். 10 சென்ட் தாண்டினால் குரல் அபசுரமாகத் தோன்றும், தவறு மெலோட்ரானில் இருந்தாலும் கேட்பவர் பாடகரைத்தான் குறை சொல்வார்.

இரண்டு கைகளாலும் முழுக் கார்டு பிடிப்பது பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு. இரண்டு சுரம் போதும், மிஞ்சினால் மூன்று. நடு சிக்குக் கீழே போகாதீர்கள், அங்கே கிட்டாரும் குரலும் இருக்கின்றன. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டிவிடுங்கள். கார்டு மாறும்போது விரல் மிகக் குறைந்த தூரம் நகர வேண்டும்: மேலே சொன்ன ஈ, ஈ ஃபிளாட், டி இறங்குவரிசை இதற்கென்றே செய்ததுபோல் பொருந்தும். சரணத்துக்குப் புல்லாங்குழல் ஒலி, பல்லவிக்கு வயலின் ஒலி. கோரஸ் குரல் ஒலியைப் பாட்டுக்கு ஒருமுறைக்குமேல் பயன்படுத்தாதீர்கள்.

பியானோவை இரண்டுமுறை வாசித்துப் பதியுங்கள், ஒன்றை 6 சென்ட் ஏற்றி, மற்றதை 6 சென்ட் இறக்கி, இரு பக்கமும் வையுங்கள். பழைய மதுக்கடை பியானோபோல் ஒலிக்கும். ஒரே டேக்கை நகலெடுத்துச் சுருதி மாற்றினால் இந்த விளைவு வராது. இரண்டும் ஒன்றையொன்று அரித்து, குழாய்க்குள் வாசித்ததுபோல் ஆகிவிடும். சின்தசைசருக்கு ஒற்றைச் சுரக் கோடு மட்டும்: சா (ரம்பப் பல் வடிவ) அலை, ஃபில்டர் 1.5 கிலோஹெர்ட்ஸ் அருகில், சறுக்கல் 50 மில்லிசெகண்ட். 'ஐ ஆம் ஆல்வேஸ் இன் லவ்' பாட்டில் உறுமிக்கொண்டு வரும் அந்த கீபோர்டு கோட்டைக் கேளுங்கள். குரலுக்கு இணையாக அதுவும் ஒரு மெட்டைச் சொல்கிறது, கார்டை நிரப்புவதில்லை.

குளோக்கன்ஷ்பீல் மணியோசை கடைசிப் பல்லவியில் மட்டும், பாட்டின் முக்கியச் சொற்றொடரை அப்படியே ஒற்றி. 'மணி அடிக்கிறது' என்று தனியாகத் தெரிந்தால் 2 டெசிபல் குறையுங்கள். எடுத்துவிட்டால் மட்டும் ஏதோ குறைகிறது என்று தோன்ற வேண்டும்.

எது எப்போது உள்ளே வரும்

முதல் சரணம்: அக்கூஸ்டிக், குரல், பேஸ், மென்மையான டிரம்ஸ். முதல் பல்லவியில் நாஷ்வில் கிட்டாரும் டாம்பரினும். இரண்டாவது சரணத்தில் மெலோட்ரான் புல்லாங்குழல் நுழையும்போது டாம்பரின் வெளியேற வேண்டும். இரண்டாவது பல்லவியில் பின்னணிக் குரல்கள். அதன்பின் வரும் மாற்றுப் பகுதியில் பாதி வாத்தியத்தை நிறுத்திவிட்டு சின்தசைசர் அல்லது லாப் ஸ்டீல். கடைசிப் பல்லவியில் எல்லாம், மணியும் சேர்த்து. ஒன்று உள்ளே வரும்போது ஒன்று வெளியே போவது கட்டாயம். எல்லா வாத்தியமும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒலித்தால் நாற்பது டிராக்கும் சேர்ந்து ஒரு தட்டையான சுவராகும்.

கூரான வரி வரும் இடத்தைக் குறித்துவைத்து, அந்த ஒரு பாரில் மெலோட்ரானையும் பின்னணிக் குரல்களையும் முழுவதுமாக நிறுத்துங்கள். திரை விலகியதுபோல் அந்தச் சொல் தனியாக நிற்கும்.

குரல்கள்

முன்னணிக் குரலுக்கு மைக் 15 செ.மீ. தூரத்தில், நடுவில் பாப் ஃபில்டர். சத்தமாகப் பாட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வதுபோல். பல்லவியில் இன்னொருமுறை பாடி, 8 டெசிபல் குறைவாக அடியில் வையுங்கள்.

இரண்டாம் குரலில் கன்ட்ரிக்கும் பாப்புக்கும் முறை வேறு. கன்ட்ரியில் மேலே மூன்றாம் சுரத்தில் ஒருவர் கூடவே பாடுவார், சொற்களோடு; இது சரணத்தின் கடைசி வரிக்குப் பொருந்தும். பாப்பில் 'ஊ', 'ஆ' என்று மூன்று சுரங்கள் கட்டாக நிற்கும். மூன்று சுரத்தையும் இரண்டிரண்டு முறை பாடினால் ஆறு டிராக். மைக்கிலிருந்து 50 செ.மீ. தள்ளி நில்லுங்கள். மூன்று இடது, மூன்று வலது. ஆறையும் ஒரு குழுவாக்கி 180 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, கம்ப்ரெசரில் 3:1 விகிதத்தில் 4 டெசிபல் வரை அழுத்துங்கள். சொற்களோடு பாடும் இடத்தில் 'ஸ்', 'ட்' ஒலிகளை ஒரே ஒரு டிராக்கில் மட்டும் உச்சரித்து, மற்ற ஐந்திலும் விழுங்கிவிடுங்கள். ஆறு பேர் ஆறு நேரத்தில் 'ஸ்' சொன்னால் பாம்புப் புற்றுக்குள் கைவிட்டதுபோல் இருக்கும். சுருதி திருத்தும் மென்பொருளை இங்கே பயன்படுத்தினால் தடிமன் போய்விடும். சற்றே பிசகும் ஆறு குரல்கள்தான் அந்த அகலத்தைத் தருகின்றன.

மிக்ஸ்

முழு மிக்ஸையும் மோனோவில் தொடங்குங்கள். மோனோவில் குரலும் பேஸும் ஸ்நேரும் தெளிவாகக் கேட்ட பிறகுதான் இட வலம். ரிவெர்ப் ஒன்றே ஒன்று: பிளேட், 1.5 வினாடி, முன்தாமதம் 25 மில்லிசெகண்ட். வாத்தியத்துக்கு ஒன்று என்று வெவ்வேறு ரிவெர்ப் போட்டால் எல்லாரும் வேறு வேறு வீட்டிலிருந்து வாசிப்பதுபோல் கேட்கும். முன்னணிக் குரலுக்கு 115 மில்லிசெகண்ட் ஒற்றை எதிரொலி, 15 டெசிபல் கீழே.

சேறுபோல் ஒலித்தால் குற்றவாளி 250 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் இருப்பார். கீபோர்டுகளில் 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள், குரலில் கைவைக்காதீர்கள். அப்படியும் தெளியவில்லையென்றால் டிராக்குகளை ஒவ்வொன்றாக மௌனமாக்குங்கள். எதை நிறுத்தியும் இழப்புத் தெரியவில்லையோ அதை அழித்துவிடுங்கள், எவ்வளவு நேரம் செலவழித்து வாசித்திருந்தாலும்.

வெளியீட்டுக்கு −14 லஃப்ஸ் (பாட்டின் சராசரி சத்த அளவு), உச்சம் −1 டெசிபல். ரிப்ரைஸ் கேட்டதால் 'கான்ட் ஸ்டாண்ட் இட்' பாட்டை வானொலிக்கு ஏற்றபடி தயாரிப்பாளர் டேவிட் கான் மறுமிக்ஸ் செய்தார். வானொலியில் அது எதிர்பார்த்தபடி ஓடவில்லை. உங்களுக்கும் அந்த ஆசை வரும்: குரலை மேலே தூக்கு, டிரம்ஸைக் கூர்மையாக்கு. தனியாக இன்னொரு கோப்பில் செய்துபாருங்கள், மூலத்தின்மேல் எழுதாதீர்கள். மறுநாள் காலையில் இரண்டையும் அந்த முதல் கைபேசிப் பதிவோடு பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். அதில் இருந்த பாட்டு எந்த மிக்ஸில் இன்னும் கேட்கிறதோ அதை வெளியிடுங்கள். இரண்டிலும் கேட்கவில்லையென்றால் கீபோர்டுக் குழுவை 3 டெசிபல் இறக்கி, மறுபடி மோனோவிலிருந்து தொடங்குங்கள்.